கணக்கில் வராத ஆண்டுகள்

(கள்ளக்குறிச்சியில் கூடிய மிஷனெரிகள், சபை மூப்பர்கள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஊழியத்தில் சோராமல் நிலைத்திருப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பில் பேசுவது சுலபம், உட்கார்ந்து கேட்பதுதான் பாடு. பேசுகிறவன் டவுனில் காலைப் பலகாரம் முடித்துவிட்டு வந்து நிற்கிறான். கேட்கிறவர்களோ இருட்டோடு வெள்ளிமலையில் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு பிள்ளை வாந்தி எடுக்க, மடியில் துண்டை விரித்துக்கொண்டு இறங்கி வந்தவர்கள். உங்களுக்கு நான் வைராக்கியத்தைப் பற்றிப் பாடம் எடுப்பது அழகாகாது. அதனால் குரலை உயர்த்தாமல், எனக்குத் தெரிந்த சில காரியங்களைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

இந்த ஊரில் நின்றுகொண்டு கருணாபுரத்தைத் தாண்டி எதையும் பேச முடியாது. 2024 ஜூன் 18ஆம் தேதி அங்கே விற்ற பாக்கெட் சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. வயிற்றுவலி, வாந்தி, கண் இருட்டுகிறது என்று ஒருவர்பின் ஒருவராக அரசு மருத்துவமனைக்கு ஓடினார்கள். இங்கே சமாளிக்க முடியாமல் சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்ஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. இறந்தவர்கள் 65 பேருக்கு மேல். பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்குப் போனவர்கள். பெண்களும் அதில் உண்டு. தாயும் தகப்பனும் சேர்ந்தே போன வீடுகளும் உண்டு. கோமுகி ஆற்றங்கரையில் வரிசையாகச் சிதை எரிந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற தெருவில் இது நடந்தது என்பதையும் நாடே பேசியது. அதற்கு முந்தின ஆண்டு மே மாதம்தான் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பக்கமும் இதே மெத்தனால் 22 பேரைக் கொண்டுபோயிருந்தது. யாருக்கும் உறைக்கவில்லை.

அந்த வாரம் கருணாபுரத்தில் கால் வைக்க இடமில்லை. கட்சிக்காரர்கள் வந்தார்கள், டிவிக்காரர்கள் வந்தார்கள், தொண்டு நிறுவனத்தார் வந்தார்கள். நம்மவர்களும் போனோம். நல்லது, போகத்தான் வேண்டும். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அரிசிப் பைக்குள் கைப்பிரதியைச் செருகிக் கொடுக்கிற பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. நான் அதற்கு எதிரி. எழவு வீட்டில் அழுகிறவளுக்கு அரிசி கொடுத்தால் அரிசியை மட்டும் கொடுங்கள். நாளைக்கும் நாளை மறுநாளும் அடுத்த வருஷமும் நீங்கள் அந்தத் தெருவுக்கு வருகிறவர் என்றால், சொல்ல வேண்டியதைச் சொல்லக் காலம் கிடக்கிறது. மறுபடி வரப்போவதில்லை என்று உள்ளுக்குள் தெரிந்தவருக்குத்தான் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொடுக்கிற அவசரம் வரும்.

கேமரா போன பிறகுதான் கருணாபுரத்தில் வேலை தொடங்கியது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்தது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய், அவர்கள் பேரில் 5 லட்சம் வைப்புத்தொகை, படிப்புச் செலவு என்றும் அறிவித்தது. அறிவிப்பு ஒரு நாள் வேலை. கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு பாட்டி பேரப்பிள்ளைக்குக் காப்பாளராக வங்கியில் போய் நிற்பது பல நாள் வேலை. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆதாரில் ஒரு எழுத்து மாறியிருந்தால் அதைத் திருத்த ஒரு நடை. மெத்தனால் கண் நரம்பைக் கெடுக்கும் விஷம். உயிர் பிழைத்தவனுக்குப் பார்வை மங்கினால் அவனைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கையைப் பிடித்து அழைத்துப்போக ஆள் வேண்டும். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம் வரும்போதெல்லாம் அப்பன் செத்த திதியும் கூடவே வரும். அந்தப் பிள்ளை பக்கத்தில் யாராவது உட்கார வேண்டும்.

இன்னொன்று, சொல்லவே கசப்பானது. தெருவே செத்தும் குடியை விடாதவன் இருக்கிறான். அண்ணன் சிதைக்குத் தீ வைத்துவிட்டு வந்த கையோடு குடிக்கப் போகிறவன் இருக்கிறான். அவன் வீட்டு வாசலில் நின்று, போன மாதமும் பேசினேன், இந்த மாதமும் பேசுகிறேன் என்கிற ஊழியர் இருக்கிறாரே, அவருக்காகத்தான் நான் இன்றைக்குப் பேச வந்தேன்.

ஏனென்றால் அவர் மாத அறிக்கை எழுத வேண்டும். உங்களுக்கு அந்தத் தாள் நன்றாகத் தெரியும். சந்தித்த வீடுகள் எத்தனை, கொடுத்த கைப்பிரதிகள் எத்தனை, நடத்திய ஜெபக்கூட்டங்கள் எத்தனை, ஆர்வமுள்ளோர் எத்தனை, ஞானஸ்நானம் பெற்றோர் எத்தனை. பாட்டியோடு வங்கியில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை. குடிகாரனிடம் பத்தாவது தடவை பேசித் தோற்றதற்கும் கட்டம் இல்லை. கடைசிக் கட்டத்தில் பூஜ்யம் போட்டு அனுப்புகிறார். அடுத்த மாதமும் பூஜ்யம். பக்கத்துப் பணித்தளத்தில் எட்டு என்று பத்திரிகையில் வருகிறது. நம் ஊழியர்களைப் பணித்தளத்தைவிட்டு இறங்க வைப்பது எது என்று கேட்டால், எதிர்ப்பும் அடியும் இரண்டாம் பட்சம் என்பேன். அடிபட்டவருக்காகச் சபைகள் உபவாசம் இருக்கும். பூஜ்யம் போட்டவருக்காக யாரும் உபவாசம் இருப்பதில்லை.

இந்தக் கல்வராயன் மலைக்கு வந்த ஒருவருடைய கதையைச் சொல்கிறேன். பலருக்குத் தெரிந்த கதைதான், ஆனால் பாதிதான் தெரியும். கொல்லிமலைப் பாதியைச் சொல்வார்கள், கல்வராயன் பாதியை விட்டுவிடுவார்கள்.

ஜெஸ்ஸி பிராண்ட் 1907இல் இங்கிலாந்திலிருந்து வந்தவர், ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர். எவ்லின் ஹாரிஸ் லண்டனில் வசதியான வீட்டுப் பெண், ஓவியம் கற்றவர். 1913இல் திருமணம். கல்யாணம் முடிந்த கையோடு சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைக்குக் கிளம்பினார்கள். வழியில் நல்ல மழை. மணப்பெண்ணைத் தூக்கிப்போக வேண்டியவர்கள் வரவில்லை. கல்யாண உடுப்போடு, சேறும் முள்ளுமாக, நடந்தே ஏறினார் அந்த அம்மா. வாழவந்தி என்ற இடத்தில் ஜெஸ்ஸி ஒரு மரவீடு கட்டினார். தூண்களின்மேல் நின்ற வீடு. ஒவ்வொரு தூணின் தலையிலும் வாணலியைக் கவிழ்த்தாற்போல் ஒரு தட்டு. கரையான் தூண் வழியே ஏறி அந்தத் தட்டின் விளிம்புவரை வந்து திகைத்து நின்றுவிடும். நெடுநாள் இருக்க வந்தவர் கட்டிய வீடு அது. ஒரு வருஷத்து ஆளாக இருந்தால் கரையானைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார்.

அந்தக் காலத்தில் மலையில் நரம்புச்சிலந்தி நோய் அதிகம். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பேரே தெரியாது. படிக்கிணற்றில் காலை நனைத்துத் தண்ணீர் எடுப்பார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்தவர் உடம்புக்குள் புழு வளர்ந்து, ஒரு வருஷம் கழித்துக் காலில் கொப்புளமாக உடைத்துக்கொண்டு தலை நீட்டும். ஒரு முழத்துக்கு மேலேயே நீளம் இருக்கும். அதை வெடுக்கென்று இழுத்தால் உள்ளே அறுந்து சீழ் பிடித்துவிடும். ஒரு குச்சியில் அதன் தலையைச் சுற்றி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் இழுத்துச் சுற்ற வேண்டும். ஒரு காலிலிருந்து ஒரு புழு வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். ஜெஸ்ஸி அப்படிக் குச்சியில் புழுவைச் சுற்றி எடுப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்தவர்தான் அவர் மகன் பால் பிராண்ட். 1914இல் பிறந்த அந்தப் பிள்ளை பிற்பாடு வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தியவர். புழுவை எடுத்தால் மட்டும் போதாது என்று ஜெஸ்ஸிக்குத் தெரியும். கிணற்றுக்குச் சுவர் எழுப்ப வேண்டும், தண்ணீருக்குள் கால் வைக்காதே என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தியா நரம்புச்சிலந்தி இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2000ஆம் ஆண்டில். ஜெஸ்ஸி கிணற்றுச் சுவர் கட்டியபோது அந்தச் சான்றிதழ் அவர் கனவில்கூட வந்திருக்காது.

பள்ளிக்கூடம் நடத்தினார்கள், தச்சு வேலை சொல்லிக் கொடுத்தார்கள், பழமரம் வைத்தார்கள், வைத்தியம் பார்த்தார்கள். வருஷம் வருஷமாக ஒருவர்கூட இயேசுவை ஏற்கவில்லை. ஊர்ப் பூசாரி வலுவாக எதிர்த்தார். ஜனங்கள் மருந்துக்கு வருவார்கள், போய்விடுவார்கள். முதல் உலகப்போர் முடியும் சமயத்தில் விஷக்காய்ச்சல் பரவியது. அந்தப் பூசாரியும் அவர் மனைவியும் படுத்தபோது ஊரார் கிட்டே வரப் பயந்தார்கள். ஜெஸ்ஸி போய்ப் பக்கத்தில் இருந்தார், கஞ்சி கொடுத்தார். பூசாரி பிழைக்கவில்லை. சாகுமுன் தன் கைக்குழந்தையைப் பிராண்ட் தம்பதிகள் கையில் ஒப்படைத்தார். எதிரி தன் பிள்ளையை யாரிடம் விட்டுப் போனார் என்று மலை முழுக்கப் பேச்சு. அதற்குப் பிறகுதான் வாழவந்தியில் சபை உண்டானது.

இந்தக் கதையைச் சொல்லும்போது பிரசங்கிமார் ‘ஏழு வருஷம்’ என்று அழுத்திச் சொல்வார்கள். வில்லியம் கேரியும் 1793இல் வங்காளத்துக்கு வந்து 1800 டிசம்பரில்தான் கிருஷ்ண பால் என்ற தச்சருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், அங்கேயும் ஏழு வருஷம். ஏழு என்பது மேடைக்குப் பிடித்த எண். தயவுசெய்து கணக்குப் போடாதீர்கள். ஏழாம் வருஷம் கட்டாயம் பலன் என்று எந்த வாக்குத்தத்தமும் வேதத்தில் இல்லை. எட்டாம் வருஷமும் பூஜ்யம் வரலாம். நான் பார்க்கச் சொல்வது வேறு விஷயம். அந்தப் பூசாரியின் வீட்டுக்குள் போக ஜெஸ்ஸிக்கு வழி கிடைத்தது காய்ச்சல் வந்த அன்று. ஆனால் பூசாரி அவரை உள்ளே விட்டது, ஆறு வருஷமாகக் கண்ணெதிரே நடமாடிய மனிதர் என்பதால். காய்ச்சலைக் கேள்விப்பட்டுச் சென்னையிலிருந்து நேற்று வந்தவரிடம் எவனும் பிள்ளையைக் கொடுக்க மாட்டான்.

இந்தக் கதையில் எனக்குத் தொண்டையில் சிக்குகிற பகுதி ஒன்று உண்டு. 1923இல் 9 வயது மகனையும் அவனைவிடச் சின்னவளான மகளையும் படிக்க இங்கிலாந்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் திரும்பினார்கள். மகன் அப்பாவை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. 1929 ஜூன் 15ஆம் தேதி, மலேரியா முற்றி வருகிற காய்ச்சலில் ஜெஸ்ஸி மலையிலேயே இறந்தார். வயது 44. தந்தி போய்விட்டது. அப்பா முன்பே எழுதிப் போட்ட கடிதங்கள் கப்பலில் ஆடி அசைந்து, அதற்குப் பிறகும் மகனுக்கு வந்துகொண்டிருந்தன. இதைத் தியாகம் என்று மேடையில் சொல்லிவிட்டு அடுத்த பாயிண்டுக்குப் போய்விடுகிறோம். அந்த விலையைக் கொடுத்தது பிள்ளைகள், அவர்களை யாரும் கேட்கவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கிற உங்களில் எத்தனை பேர் பிள்ளைகளை ஊர் ஹாஸ்டலில் விட்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதைத் தாங்குவதை நான் புகழப் போவதில்லை. லீவுக்குப் பிள்ளை வந்தால் அந்த நாட்களில் ஊழியத்தைக் குறைத்துக்கொண்டு பிள்ளையோடு இருங்கள். கர்த்தர் கோபிக்க மாட்டார்.

இனி கல்வராயன் பாதி. ஜெஸ்ஸிக்கு ஒரு ஆசை இருந்தது. கொல்லிமலையோடு நிற்காமல் பச்சைமலை, கல்வராயன் என்று சுற்றியிருக்கிற ஐந்து மலைகளுக்கும் போக வேண்டும் என்பது. இங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களிடமே இந்த மலைகளைப் பற்றி ஒரு வழிவழிக் கதை உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் வந்தார்கள். பெரியண்ணன் கல்வராயனுக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனார்கள் என்பார்கள். தம்பி வீட்டில் இருந்துகொண்டு அண்ணன் வீட்டுக்குப் போகாமல் எப்படி?

கணவர் இறந்த பிறகு எவ்லின் அம்மாவை மிஷன் மலைக்கு அனுப்பவில்லை. சமவெளியில் வேலை கொடுத்தார்கள். வருஷக்கணக்கில் அங்கேயே செய்தார். எழுபது நெருங்கும்போது, வயதாகிவிட்டது, இன்னொரு தவணை கிடையாது என்று மிஷன் முடிவு செய்தது. இன்னும் ஒரே ஒரு வருஷம் என்று கேட்டு வாங்கினார். அந்த வருஷம் முடிந்தது. வழியனுப்ப வந்தவர்களிடம் அவர் சொன்ன செய்தி, மிஷனிலிருந்து ஓய்வு பெறுகிறேன், கல்வராயனுக்குப் போகிறேன் என்பது. போனார். இந்த மலைக்கு. போர்டை மீறிப் போனார் என்பதைப் போர்டு உறுப்பினர்கள் முன்வரிசையில் இருக்கும்போதே சொல்கிறேன்!

அப்போது இங்கே ரோடு ஏது? ஜடய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்று ஜாகீர் ஆட்சி நடந்த மலை. 1976இல்தான் அந்த ஜாகீர்கள் அரசின் கைக்கு முழுமையாக வந்தன. அந்த அம்மா மட்டக்குதிரையில் ஏறி ஊர் ஊராகப் போவார். 75 வயதில் மலையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ராத்திரி முழுக்கத் தரையிலேயே கிடந்தார். காலையில் வேலையாள் வந்து பார்த்து, நாலு பேர் கயிற்றுக் கட்டிலில் வைத்துச் சுமந்து இறக்கி, ஜீப்பில் 150 மைல் கொண்டுபோனார்கள். டாக்டர் மகன் வந்து, அம்மா, போதும், கீழே வந்துவிடுங்கள் என்று மன்றாடினார். நான் வந்துவிட்டால் இவர்களுக்கு யார் இருக்கிறார்கள் என்பதுதான் அம்மாவின் பதில். இரண்டு கையிலும் மூங்கில் தடி ஊன்றிக்கொண்டு மறுபடி நடந்தார். கடைசி இருபது வருஷம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லையாம். ஓவியம் கற்ற பெண் என்பதை நினைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள். கணவர் சொன்ன ஐந்து மலைகளிலும் ஊழியம் தொடங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டு, 1974 டிசம்பர் 18ஆம் தேதி 95 வயதில் இறந்தார். வாழவந்தியில் ஜெஸ்ஸிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

அந்த அம்மா மாதிரி இருங்கள் என்று சொல்ல வரவில்லை. இடுப்பு முறிந்தால் ஆஸ்பத்திரியில் படுங்கள். ஆனால் அந்த எழுபது வயதில் அவருக்கு என்ன இருந்தது என்று யோசியுங்கள். மிஷனின் பேர் இல்லை, மிஷனின் சம்பளம் இல்லை, அனுப்ப வேண்டிய அறிக்கையும் இல்லை. கட்டங்கள் எல்லாம் போய்விட்ட பிறகும் மலையும் ஜனங்களும் மீதி இருந்தார்கள். அவருக்கு அது போதுமாக இருந்தது.

இன்றைக்குக் கல்வராயனில் இருக்கிறவர்களுக்கு வேறு விதமான பாடு. மரவள்ளி போட்டவன் ஜவ்வரிசி ஆலைக்காரன் சொல்கிற விலைக்குக் காத்திருக்கிறான். காய்ச்சுகிறவன் காட்டோரம் ஊறல் போடுகிறான், போலீஸ் வந்து கொட்டிவிட்டுப் போகிறது, அவன் வேறு ஓடைக்குப் போகிறான். புரோக்கர் பேச்சைக் கேட்டுச் செம்மரம் வெட்ட ஆந்திரத்துக்குப் போன பையன் ஜெயிலில் இருக்கிறான். மீதிப்பேர் குடும்பத்தோடு காபித் தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். மாதக்கணக்கில் கதவுகள் பூட்டிக் கிடக்கும். கருணாபுரம் சாவுக்குப் பிறகு 2024இல் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து இந்த மலை மக்களின் வாழ்நிலை என்ன என்று விசாரித்தது. அந்த நிலையை நீங்கள் தினமும் கண்ணால் பார்க்கிறவர்கள்.

பூட்டிய ஊரில் மிஷனெரி என்ன செய்வார்? மீதி இருக்கிற கிழவிக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். ஜெயிலில் இருக்கிற பையனுக்கு ஒரு கடிதம் எழுதுவார். ஜனங்கள் திரும்பி வரும்போது, போனபோது இருந்த அதே ஆள் அதே திண்ணையில் இருப்பார். மலைக்காரர் நம்மை எடைபோடுவது அதை வைத்துத்தான்.

வேதத்தில் சோர்ந்துபோனவர் என்றால் எலியாதான். கர்மேலில் பெரிய வெற்றி, மறுநாளே யேசபேலுக்குப் பயந்து ஓட்டம். வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும் என்கிறார். நம் மேடைகளில் என்றால் அந்த இடத்தில் அவருக்கு ஒரு மணி நேரம் பிரசங்கம் கிடைத்திருக்கும். கர்த்தர் என்ன செய்தார்? தூங்க விட்டார். தூதன் எழுப்பித் தணலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பயணம் தூரம் என்பதுதான் சொன்ன காரணம், ஒரு கண்டிப்பு வார்த்தைகூட இல்லை. ஓரேபில் பேசிய பிறகும், நீ ஒருவன்தான் என்று நினைக்கிறாயே, ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று சொல்லி, கூடவே எலிசாவைக் கொடுத்தார். தூக்கம், சாப்பாடு, கூட ஒரு ஆள். தரிசனமும் மெல்லிய குரலும் இவற்றுக்கு நடுவே வந்தவை.

பவுலையும் பாருங்கள். ரோமாபுரிச் சிறையில் மரணத்தை எதிர்நோக்கி எழுதிய கடிதத்தில், துரோவாவில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டு வா, புத்தகங்களைக் கொண்டு வா, குளிர்காலத்துக்கு முன்னே வந்து சேர் என்று தீமோத்தேயுவைக் கேட்கிறார். அப்போஸ்தலனுக்கும் குளிரும். அதை எழுதிக் கேட்க அவருக்கு வெட்கம் இருக்கவில்லை. நம் ஊழியர்களோ கம்பளி கிழிந்ததைச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் விசுவாசம் குறைவு என்பார்களோ என்று பயம்.

சோர்வு சில சமயம் நம் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. இந்தத் தென்னாற்காட்டுச் சீமையிலேயே ஒரு உதாரணம் உண்டு. கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மன் மிஷனெரி, சபைக்குள் சாதியை அனுமதிப்பதா என்ற சண்டையில் லைப்சிக் மிஷனை விட்டே வெளியேறினார். 1860களில் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாக ஊழியம் தொடங்கினார். பிறகு டேனிஷ் மிஷன் அவரோடு கைகோத்தது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்த வேரிலிருந்து வந்தது. அவருக்கு வெளியார் கொடுத்த தொல்லையைவிடச் சொந்த மிஷன் கொடுத்த வேதனை பெரிது. நம் சபைகளில் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதி பார்த்துச் சுவர் வைத்த ஊர்கள் உண்டு. கருணாபுரத்துக் கூலித் தொழிலாளிக்குச் சமத்துவம் பேசுகிற ஊழியர் தன் சொந்தச் சபைக்குப் போனால் எங்கே உட்கார வைக்கிறார்கள் என்று மூப்பர்கள் ஒரு தடவை யோசியுங்கள்.

திருநெல்வேலிச் சீமையின் மகன் வி.எஸ். அசரியாவையும் சொல்ல வேண்டும். 1903இல் இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்னின்றவர், நம் பணத்தில் நம் ஆட்களைத் தெலுங்கு தேசத்துக்கு அனுப்பிய சங்கம் அது. 1910இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. வெள்ளைக்கார மிஷனெரிகள் நிறைந்த சபையில் அவர் எழுந்து, நீங்கள் எங்களுக்காக எல்லாம் கொடுத்தீர்கள், ஆனால் சிநேகிதர்களைக் கொடுங்கள் என்ற கருத்தில் பேசியது அன்றைக்குப் பெரிய சலசலப்பை உண்டாக்கியது. இன்றைக்கு நாம் மலைக்குப் போகிறோம், நமக்குக் கீழே ஒரு கூட்டம் இருக்கிறது. அந்தக் கேள்வி இப்போது நம்மைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. ஊழியம் செய்யப் போனவருக்குச் சீக்கிரம் களைப்பு வரும். சிநேகிதன் வீட்டுக்குப் போகிறவருக்கு அந்த அளவு களைப்பு வருவதில்லை. மலையாளி வீட்டில் களி கிண்டினால் உட்கார்ந்து சாப்பிடுங்கள். உங்கள் கஷ்டத்தையும் அவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் உங்களுக்குச் செய்ய இடம் கொடுங்கள். எப்போதும் கொடுக்கிற கையாகவே இருப்பவருக்கு ஊரில் பயனாளிகள் கிடைப்பார்கள், சிநேகிதர் கிடைக்க மாட்டார்கள்.

நேரமாகிவிட்டது. கடைசியாக அனுப்புகிறவர்களிடம், சபை மூப்பர்களிடம், போர்டு ஐயாமார்களிடம் பேசிவிட்டு முடிக்கிறேன். நிலைத்திரு என்று ஊழியரிடம் மட்டும் சொல்வது பாதி வேலை. அடுத்த மாதத்திலிருந்து அறிக்கைத் தாளின் கடைசிக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, இந்த மாதம் யாரோடு இருந்தீர்கள் என்று ஒரு வரி கேளுங்கள். தனியாக ஒருவரை எந்த ஊருக்கும் அனுப்பாதீர்கள், இரண்டு பேராக அனுப்புங்கள். வருஷத்துக்கு ஒரு மாதம் கட்டாய ஓய்வு கொடுங்கள், அந்த மாதச் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். அவர்கள் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை ஜூன் முதல் வாரத்துக்குள் கட்டிவிடுங்கள். கருணாபுரத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை ஜூன் மாதத்தில் மட்டும் நினைக்காமல், அவர்களில் கடைசிப் பிள்ளை 18 வயதைத் தாண்டும்வரை அங்கே ஒரு ஊழியரை வைத்திருப்போம் என்று இந்தக் கூட்டத்திலேயே ஒரு சபையாவது எழுந்து சொல்லுங்கள். பேரை எழுதிக்கொள்ள செயலாளர் வாசலில் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். சாப்பாட்டுக்குப் போகுமுன் அவரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.